கொதிக்க வச்சாலும் போகாத நைட்ரேட்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. வீட்டு வேலை, ரெண்டு மாடு, வெங்காயக் காடு, இதுதான் என் பொழப்பு. ஜல் ஜீவன் திட்டத்துல ஊருக்கு 5 பெண்களுக்குத் தண்ணி பரிசோதிக்கப் பயிற்சி குடுத்தாங்க இல்லையா, அந்த அஞ்சுல நானும் ஒருத்தி. அதனாலதான் என்னைப் பேசச் சொல்லியிருக்காங்க.

அந்தப் பெட்டிய நிறைய ஊர்ல பஞ்சாயத்து ஆபீஸ் அலமாரியில பூட்டி வச்சிருக்காங்க. உப்பு, கடினத்தன்மை, ஃபுளோரைடு, இரும்பு எல்லாம் அதுல பாக்கலாம். நைட்ரேட்டும் பாக்கலாம். தண்ணியில மருந்துப் பொடியப் போட்டு, சொன்ன நேரம் பொறுத்திருந்து, வர்ற நிறத்த அட்டையோட ஒப்பிடணும். குடிக்கிற தண்ணியில லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல நைட்ரேட் இருக்கக் கூடாதுன்னு அரசாங்கத்துத் தர அளவு. மத்த சில உப்புக்கெல்லாம் வேற தண்ணி இல்லாட்டி கொஞ்சம் கூடுதலா இருந்தாலும் பரவாயில்லைன்னு தளர்வு உண்டு. நைட்ரேட்டுக்கு அந்தத் தளர்வே கிடையாது.

ஏன் இவ்வளவு கண்டிப்புன்னு எனக்கும் மொதல்ல விளங்கல. எங்க தெருவுல ஒரு பொண்ணு பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்தா. குழந்தைக்கு ரெண்டு மாசம். பால் பத்தலன்னு டப்பா மாவு வாங்கியாச்சு. அவ அம்மா நல்ல மனுஷி. கிணத்துத் தண்ணிய விறகடுப்புல வச்சு, கால்வாசி சுண்டுற வரைக்கும் கொதிக்க விட்டு, வடிகட்டி, ஆறவச்சுக் கலக்குவாங்க. அதவிட சுத்தம் யாருக்கும் வராது. அந்தக் கிணத்துத் தண்ணியப் பெட்டியில பாத்தப்போ, அட்டையில 45-க்குப் போட்டிருந்த நிறத்தவிட ரொம்ப அழுத்தமா வந்தது.

இங்கதான் நாம எல்லாரும் ஏமாறுறோம். கொதிக்க வச்சா கிருமிதான் சாகும். நைட்ரேட் உப்பு மாதிரி, ஆவியாப் போகாது. தண்ணி சுண்டச் சுண்ட மிச்சத் தண்ணியில அது கூடும். ரசம் சுண்டினா உப்புக் கரிக்குதுல்ல, அந்தக் கணக்குதான். பிளீச்சிங் பவுடர் போட்டாலும் போகாது, மெழுகுவர்த்தி மாதிரி கேண்டில் வச்ச ஃபில்டர்லயும் போகாது. நிறம் இல்ல, வாசம் இல்ல, நாக்குக்கும் தெரியாது.

ஆறு மாசத்துக்குட்பட்ட குழந்தைக்கு இது ஆபத்து. நைட்ரேட் வயித்துக்குள்ள நைட்ரைட்டா மாறி ரத்தத்துல கலந்தா, ரத்தத்தால உடம்புக்குப் பிராணவாயுவக் கொண்டு போக முடியாது. உதடும் நகமும் நீலம் பூத்துடும். அப்படிக் கண்டா வீட்டு வைத்தியம் பாக்காம உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும். இது இன்னைக்கு நேத்து கண்டுபிடிச்சதில்ல. அமெரிக்காவுல ஐயோவாங்கிற விவசாய மாநிலத்துல, பண்ணை வீட்டுக் கிணத்துத் தண்ணியில பால் கலக்கிக் குடுத்த குழந்தைங்க நீலம் பூத்ததப் பத்தி காம்லிங்கிற டாக்டர் 1945-லயே எழுதி வச்சிருக்கார். நம்ம பக்கம் குழந்தைக்கு மூச்சு வாங்கினா சீர் தட்டிடுச்சு, தோஷம்னு மந்திரிக்கத் தூக்கிட்டுப் போறோம். அதச் சொல்லாம இருக்க முடியல.

தாய்ப்பால்ல இந்தப் பயம் இல்ல. தாய் அந்தத் தண்ணியக் குடிச்சாலும் பால்ல நைட்ரேட் அவ்வளவா இறங்காதாம். அந்தப் பொண்ணுகிட்ட நர்சம்மா ரெண்டு நாள் உக்காந்து பேசி, மறுபடி தாய்ப்பால் நல்லாக் குடுக்க வச்சாங்க. அதுவரைக்கும் மாவு கலக்க, சோதிச்சுப் பாத்து நல்லா இருந்த கொள்ளிடத்துக் குழாய்த் தண்ணியப் பக்கத்துத் தெருவுல இருந்து எடுத்துட்டு வந்தோம். குழந்தை நல்லா இருக்கு, இப்ப அங்கன்வாடிக்குப் போகுது.

அந்தக் கிணத்துக்காரர் எனக்குப் பெரியப்பா முறை. "எங்கப்பன் பாட்டன் குடிச்ச தண்ணி, இனிப்பா இருக்கும், அதப் போயி விஷங்கிறியே"ன்னு ஒரு மாசம் எங்க வீட்டுப் பக்கமே வரல. அவர் சொன்னதும் பொய்யில்ல. பாட்டன் காலத்துல யூரியா எங்க இருந்தது? நம்ம பெரம்பலூர் பக்கம் அடியில பாறை. பாறை வெடிப்புல நிக்கிற தண்ணிதான் கிணத்துக்கு வருது. மழை பேஞ்சா காட்டுல மிஞ்சுன உரமெல்லாம் அதே வெடிப்பு வழியா இறங்கும். மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2024-ல வெளியிட்ட அறிக்கையில, நாடு முழுக்க எடுத்த மாதிரியில நூத்துக்கு 20 கிட்ட இந்த 45-ஐத் தாண்டியிருக்கு. தமிழ்நாட்டுல நூத்துக்கு 37. பெரியப்பா கிணறு மட்டும் தனியாக் கெட்டுப் போகலங்கிறதுக்காகச் சொல்றேன்.

ஒரு கணக்கு போட்டுப் பாத்தேன். 45 கிலோ யூரியா மூட்டையில தழைச்சத்து சுமார் 20 கிலோ. முக்கா கிலோ யூரியாவுல இருக்கிற தழைச்சத்து முழுசும் நைட்ரேட்டா மாறித் தண்ணியில சேந்தா, 30,000 லிட்டர் ஓவர் டேங்க் ஒன்னு 45-ஐத் தாண்டிடும். நாம வெங்காயத்துக்கு எத்தனை மூட்டை போடுறோம்? வேளாண்மைப் பல்கலைக்கழகம் சின்ன வெங்காயத்துக்குச் சொல்றது ஏக்கருக்கு 24 கிலோ தழைச்சத்து, பாதி அடியுரமா, பாதி 30-ஆம் நாள். யூரியாவா மட்டும் போட்டாலும் ஒன்னேகால் மூட்டை வராது. டி.ஏ.பி. போட்டா அதுல உள்ள தழைச்சத்தையும் இதுலயே கழிக்கணும். பக்கத்துக் காடு பச்சையா இருக்குன்னு பாத்து நம்ம வீட்டு ஆம்பளைங்க இன்னொரு மூட்டை வீசிட்டு வர்றாங்க. அந்த வெங்காயம் பட்டறையில நிக்காது, சீக்கிரம் அழுகும். எங்க வீட்டுக்காரர் தண்ணிக்காகக் குறைக்கல, பட்டறைக்காகத்தான் குறைச்சார். எதுக்காகக் குறைச்சா என்ன.

உரத்த மட்டும் குத்தம் சொல்லவும் முடியாது. எருக்குழி எங்க இருக்கு, கக்கூஸ் குழி எங்க இருக்குன்னு பாருங்க. பெரியப்பா கிணத்துக்குப் பத்தடியில மாட்டுக்கொட்டகை, மேட்டுல எருக்குழி. மழைத்தண்ணி அதக் கழுவி நேரா கிணத்துக்குள்ள விட்டது. குழி கிணத்துல இருந்து 50 அடியாவது தள்ளி, பள்ளத்துப் பக்கமா இருக்கணும். நாங்க அஞ்சு பேரும் எங்க குழு ஆளுங்களும் சேந்து எருக்குழிய மாத்திக் குடுத்தோம், கிணத்தச் சுத்தி மண்ணு கட்டி மேடாக்கினோம். அதுக்கப்புறம்தான் பெரியப்பா பேச ஆரம்பிச்சார். ஆனா தண்ணி உடனே மாறல. இப்பவும் அட்டையில 45-க்கு மேலதான் காட்டுது. வருஷக் கணக்குல இறங்கினது வருஷக் கணக்குலதான் குறையும்னு சொல்றாங்க. அதனால அந்தக் கிணத்துத் தண்ணி பாத்திரம் கழுவ, மாட்டுக்கொட்டகை கழுவ, காட்டுக்குப் பாய்ச்ச மட்டும். மோட்டார் கொட்டகையில சிவப்புப் பெயிண்ட்ல "குடிக்க அல்ல"ன்னு அவரே எழுதி வச்சிருக்கார்.

சில ஊர்ல ஆர்.ஓ. மிஷின் வாங்கக் கூட்டமைப்புல கடன் கேக்குறாங்க. ஆர்.ஓ. நைட்ரேட்டக் குறைக்கும், நிஜம். ஆனா சவ்வ நேரத்துக்கு மாத்தணும். வெளிய தள்ளுற கழிவுத் தண்ணியில நைட்ரேட் இன்னும் அதிகம், அதக் கிணத்தோரமா விட்டா திரும்ப உள்ளயே போகும். தென்னைக்கோ வாழைக்கோ திருப்பி விடுங்க. கடன் எழுதுறதுக்கு முன்ன குழாய்த் தண்ணியச் சோதிச்சுப் பாருங்க. அது நல்லா இருந்தா மிஷினுக்கு எதுக்குப் பணம்?

எங்க குழுவோட தீர்மான நோட்டுல இப்படி எழுதியிருக்கோம்: ஊர்ல எந்தப் பொண்ணுக்கு ஏழாம் மாசம் ஆனாலும், அவ பிரசவத்துக்குத் தங்கப்போற வீட்டுத் தண்ணியப் பரிசோதிக்கணும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்ன ஒரு தடவ, பின்ன ஒரு தடவ எல்லாக் குடிதண்ணிக் கிணத்தையும் பாக்கணும். பெட்டியில கூடக் காட்டினா குடிநீர் வடிகால் வாரியத்தோட மாவட்டப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பி உறுதி பண்ணணும்.

தண்ணி கொண்டு வரச் சொல்லியிருந்தோம். கொண்டு வந்தவங்க சாப்பாட்டுக்குப் போறதுக்கு முன்ன பாட்டில்ல ஊர் பேரு, கிணறா போரா குழாயா, எடுத்த தேதி எழுதி ஒட்டி, வாசல் பக்கம் போட்டிருக்கிற மேசையில குடுத்துடுங்க. நாங்க அஞ்சு பேரும் அங்கதான் இருப்போம். கைக்குழந்தை, கர்ப்பிணி இருக்கிற வீட்டுத் தண்ணிய முதல்ல பாத்துச் சொல்லிடுறோம்.