உயிரணுக்களின் தூதுமொழி

பங்காருப்பேட்டையிலிருந்து பிரிந்து செல்லும் இருப்புப்பாதை மாரிகுப்பத்தோடு முடிந்துவிடுகிறது. கோலார் தங்கச் சுரங்கங்களின் பொருட்டே 1894-ஆம் ஆண்டில் போடப்பட்ட கிளைப்பாதை அது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைப்பைத் தேடிப் புறப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் பல, தலைமுறை தலைமுறையாக அந்தப் பாதையில் வந்து இறங்கின. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் தொடங்கிய சுரங்க வேலை, 2001 பிப்ரவரி 28-ஆம் நாளோடு நிறுத்தப்பட்டது. இன்று அதே ரயில், அந்தத் தொழிலாளரின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் விடியுமுன்னே பெங்களூருக்கு ஏற்றிச் செல்கிறது. இன்னும் பலர் அதனினும் நெடுந்தொலைவிலுள்ள நகரங்களில் குடியேறிவிட்டனர். அவர்களுக்கும், அவர்களைப் போல் ஊர்விட்டு ஊர் வந்து வாழும் மற்றையோருக்கும் நேரடியாகத் தொடர்புடைய ஓர் அறிவியற் செய்தியை இன்று சொல்ல விரும்புகிறோம்.

சுரங்கத்தில் இறங்கியவர்களுக்கு மணியின் மொழி தெரியும். சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. அடியிலிருந்து கூவினால் மேலே கேட்குமா? ஆகவே, கூண்டை ஏற்றி இறக்கும் எஞ்சின் ஓட்டுநருக்கு மணியடித்தே செய்தி சொல்லுவார்கள். இரண்டு மணி என்றால் கீழே இறக்கு. மூன்று மணி என்றால் ஆட்கள் ஏறப்போகிறார்கள். ஒற்றை மணிக்கு மட்டும் இரண்டு பொருள் உண்டு. கூண்டு ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு மணி அடித்தால் 'நிறுத்து' என்று பொருள். நின்றுகொண்டிருக்கும்போது அடித்தால் 'மேலே ஏற்று' என்று பொருள். ஓசை ஒன்றுதான். கேட்பவன் எந்த நிலையில் இருக்கிறான் என்பதே பொருளைத் தீர்மானிக்கிறது. நம் உடம்பிலுள்ள உயிரணுக்கள் பேசிக்கொள்ளும் முறையும் இதுதான் என்றால் வியப்பாக இருக்கும்.

ஒரு மனித உடம்பில் ஏறக்குறைய முப்பது லட்சம் கோடி உயிரணுக்கள் உள்ளன. அவற்றுக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. நரம்பின் வழியே மட்டும்தான் உறுப்புகளுக்கு ஆணை செல்கிறது என்று அறிஞர்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1902-ஆம் ஆண்டு ஜனவரியில் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்னும் இருவர் ஒரு சோதனை செய்தார்கள். நாயின் சிறுகுடலில் ஒரு பகுதிக்குச் செல்லும் நரம்புகளையெல்லாம் அறுத்துவிட்டு, அப்பகுதியில் அமிலத்தை ஊற்றினார்கள். நரம்பே இல்லாதிருந்தும் கணையம் தன் நீரைச் சுரந்தது! அக்குடலின் உட்தோலை அமிலத்தில் அரைத்து வடித்து இரத்தத்தில் செலுத்தியபோதும் அதுவே நிகழ்ந்தது. குடல் அனுப்பிய செய்தி, ஒரு பொருளின் வடிவத்தில் இரத்தத்தோடு பயணம் செய்து கணையத்தை அடைந்திருக்கிறது. அப்பொருளுக்கு 'செக்ரிடின்' என்று பெயரிட்டார்கள். இத்தகைய தூதுப் பொருள்களுக்கு 'ஹார்மோன்' என்னும் பொதுப்பெயரை ஸ்டார்லிங் 1905-இல் வழங்கினார். அதே 1902-இல்தான் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ தொண்ணூறு மைல் தொலைவு கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். கம்பியிலே ஆற்றல் செல்லும் விந்தையை மக்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த அந்த ஆண்டில், கம்பியின்றியே உடம்புக்குள் செய்தி செல்வதை இருவர் கண்டுகொண்டார்கள் என்பது நமக்கு இனிய பொருத்தமாகவே தோன்றுகிறது.

தூது புறப்பட்டால் போதுமா? அதை வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும். இரத்தத்தில் கலந்த பொருள் எல்லா உறுப்புகளையும் தொட்டுக்கொண்டுதான் ஓடுகிறது. ஆனால் எல்லா உறுப்பும் மறுமொழி சொல்வதில்லை. உயிரணுவின் மீது 'ஏற்கும் பொருள்' ஒன்று இருக்கவேண்டும் என்று கேம்பிரிட்ஜைச் சேர்ந்த லாங்லி 1905-இல் கூறினார். ஜெர்மனியில் பால் எர்லிக்கும் ஏறத்தாழ இதே முடிவுக்கு வந்திருந்தார். இன்று இதனை 'ஏற்பி' என்கிறோம். பூட்டும் சாவியும் என்று பாடநூல்கள் உவமை சொல்லும். நாள்தோறும் சொற்களைத் தூக்கி நிறுத்துப் பார்க்கும் நமக்கு, 'ஏற்பி' என்னும் சொல்லே அவ்வுவமையைவிட நன்றாகப் படுகிறது. பூட்டு திறக்க மட்டுமே செய்யும். ஏற்பியோ செய்தியை ஏற்று, உள்ளே வேலையைத் தொடங்கியும் வைக்கிறது.

ஏற்பி என்பது உயிரணுவின் மெல்லிய சவ்வை ஊடுருவி நிற்கும் ஒரு புரதம். அதன் ஒரு முனை வெளியே, மறுமுனை உள்ளே. தூதுப்பொருள் வெளிமுனையில் வந்து பொருந்தியதும் புரதத்தின் வடிவம் சற்றே திரும்புகிறது. உள்முனையும் உடன் திரும்பி, அங்குள்ள வேறொரு புரதத்தைத் தட்டி எழுப்புகிறது, அது இன்னொன்றை, இப்படியாக ஒரு துளிச் செய்தி உள்ளே பல்லாயிரமாகப் பெருகிவிடுகிறது. தூதுவன் வாசற்படியைத் தாண்டுவதே இல்லை. சில ஹார்மோன்கள் மட்டும் சவ்வைக் கடந்து உள்ளே செல்லும். அது வேறு கதை.

அட்ரினலின் என்னும் ஒரே பொருள் திகில் வேளையில் இதயத்தை விரைவுபடுத்துகிறது. தோலின் இரத்தக் குழாய்களை இறுக்குகிறது. மூச்சுக் குழாய்களையோ தளர்த்தி விரிக்கிறது. ஒற்றை மணிக்கு இரண்டு பொருள் என்றோமே, அதேதான். ஏற்பி மாறினால் பொருளும் மாறும். இந்த ஏற்பிகளின் அமைப்பை ஆராய்ந்த லெஃப்கோவிட்ஸ், கோபில்கா இருவருக்கும் 2012-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

செய்தி தொடங்குவது போலவே முடிவதும் முக்கியம். வேலை நிறைவேறியதும் தூதுப்பொருள் சிதைக்கப்படுகிறது, அல்லது உயிரணு தன் ஏற்பிகளையே உள்ளிழுத்துக்கொள்கிறது. இன்னொரு நயமான ஏற்பாடும் உண்டு. இன்டர்லூகின்-1 என்னும் தூது, அழற்சியை மூட்டுவது. அதன் ஏற்பியில் போய்ப் பொருந்திக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டிருக்கும் மற்றொரு பொருளையும் உடம்பே உண்டாக்குகிறது. விரலில் முள் தைத்தால் சிவந்து வீங்குவதும், சில நாளில் வாடி ஆறிப்போவதும் இப்படித்தான். முள் போயிற்று, செய்தி நின்றது, தழும்பு ஒரு சிறு புள்ளியோடு அமைந்தது.

முள் போகாவிட்டால்? இந்தக் கேள்வியோடு நாம் மறுபடியும் சுரங்கத்துக்கு இறங்கவேண்டும்.

தங்கவயலில் தங்கம் வெள்ளைப் படிகக்கல்லின் நரம்புகளிலே ஓடிக்கிடந்தது. ஒரு டன் பாறையை உடைத்தால் சில கிராம் பொன் கிடைக்கும். எஞ்சியதெல்லாம் கல்லும் கல்மாவும். படிகக்கல் என்பது தூய சிலிக்கா. துளையிடும்போதும், வெடி வைக்கும்போதும், ஆலையில் இடிக்கும்போதும் எழும் தூசியில், கண்ணுக்குத் தெரிவதும் மூக்கைக் கூசச் செய்வதும் பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலுமே தங்கிவிடும். கண்ணுக்கே தெரியாத நுண்துகள்தான் கொடியது. தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத துகள், நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்ச் சேர்ந்துவிடுகிறது.

அங்கே காவல் இருப்பது விழுங்கும் அணு. இவ்வகை அணுக்களை 1882-இல் மெச்னிகாஃப் என்னும் ரஷ்ய அறிஞர், சிசிலித் தீவின் மெஸ்ஸினாவில் கண்டறிந்தார். உடல் முழுதும் கண்ணாடிபோல் தெளிந்த நட்சத்திர மீனின் இளவுயிரில் முள்ளைக் குத்தி வைத்து மறுநாள் பார்த்தார்; அலையும் அணுக்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன. இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின், ஏற்பியைப் பற்றிக் கூறிய எர்லிக்குடன் சேர்த்து அவருக்கும் நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

நுரையீரலின் விழுங்கும் அணு, தன் மேலுள்ள ஏற்பிகளால் சிலிக்காத் துகளைப் பற்றி விழுங்குகிறது. நுண்கிருமியாயிருந்தால் உள்ளேயுள்ள செரிமானப் பைகள் அதைக் கரைத்துவிடும். கல்லைக் கரைக்க எந்தப் பைக்கு ஆற்றல் உண்டு? பைதான் கிழிகிறது. கிழிந்த பையிலிருந்து கசிவதை உணரும் ஒரு புரதக் கூட்டு, இன்டர்லூகின்-1 என்னும் அபாயத் தூதை வெளியே அனுப்புகிறது. இதனை ஆய்வுக்குழுக்கள் 2008-ஆம் ஆண்டில் விளக்கிக் காட்டின. சுற்றிலுமுள்ள அணுக்கள் தம் ஏற்பிகளில் அத்தூதை ஏற்று, மேலும் மேலும் காவலரை அழைக்கின்றன. விழுங்கிய அணுவோ செத்துப்போகிறது. அதன் வயிற்றிலிருந்த துகள் சற்றும் தேயாமல் வெளியே விழுகிறது. அடுத்த அணு வந்து அதையே விழுங்குகிறது. அதுவும் செத்து, அதுவும் மணியடிக்கிறது.

இதற்கிடையே வேறொரு தூதும் புறப்படுகிறது. நார் நெய்யும் அணுக்களுக்கு 'தழும்பு கட்டு' என்று சொல்லும் தூது அது. அவ்வணுக்கள் சொன்னதைச் செய்கின்றன. வெங்காயத் தோல்போல் சுற்றுச் சுற்றாக நார்ப்பொருள் படிந்து, நுரையீரல் முடிச்சு முடிச்சாக இறுகுகிறது. மெல்லிய துணியாயிருந்தது தோலாகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். பின்னர்ச் சமதரையில் நடந்தாலும் வாங்கும். சிலிக்கோஸிஸ் என்னும் நோய் இதுவே.

கல்தூசி நுரையீரலை அடைத்துவிடுகிறது என்று பொதுவாகச் சொல்வதுண்டு. அப்படிச் சொல்வது போதாது. நோயாளியின் நுரையீரலில் தங்கிய மொத்தத் தூசி சில கிராம் அளவுகூட இருக்க வேண்டியதில்லை. மூச்சைக் கெடுப்பது பெரும்பாலும் நம் உயிரணுக்களே கட்டிய தழும்பு. அவை தவறேதும் செய்யவில்லை. வந்த செய்திக்கு உரிய மறுமொழியைத்தான் சொல்கின்றன. செய்திதான் ஓயவில்லை. இதனால்தான், சுரங்கத்தைவிட்டு வந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னும் நோய் வளர்கிறது. சிலருக்கு வேலையை விட்ட பிறகே முதன்முதலாகத் தலைகாட்டுகிறது. தூசியை விட்டு விலகியது உண்மை. உள்ளே போன துகள் விலகவில்லையே!

தங்கவயலில் இந்நோயின் பரப்பு நாட்டிலேயே முதன்முதல் விரிவாக ஆராயப்பட்டவற்றுள் ஒன்று. 1940 முதல் 1946 வரை ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைச் சோதித்தபோது, நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் சிலிக்கோஸிஸ் கண்டிருந்தது. நூற்றுக்கு நாற்பது! ஒரு லைனில் வரிசையாகப் பத்து வீடுகள் இருந்தால், அவற்றுள் நான்கு வீடுகளில் என்று எண்ணிப் பார்த்தால்தான் அதன் கனம் விளங்கும். தண்ணீர் பாய்ச்சித் துளையிடும் முறையும் காற்றோட்ட ஏற்பாடுகளும் தூசியைக் குறைத்தன. நாடு முழுதும் சுரங்கங்களில் இது அறிவிக்கப்பட வேண்டிய நோயாக 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் கீழ் வைக்கப்பட்டது.

சிலிக்காவுடன் கைகோத்து வரும் மற்றொரு பகை காசநோய். காசக் கிருமியை அடக்கவேண்டிய அணுவும் அதே விழுங்கும் அணுதான். கல்லை விழுங்கிச் சோர்ந்த காவலன் கிருமியை எங்ஙனம் எதிர்ப்பான்? ஆகவே சிலிக்கோஸிஸ் உள்ளவர்களுக்குக் காசம் பிறரைவிடப் பன்மடங்கு எளிதில் பற்றுகிறது. எக்ஸ்ரே படத்தில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றி மருத்துவரையே மயக்குவதும் உண்டு.

சுரங்கம் மூடியதால் இக்கதை முடிந்துவிட்டதாக நினைக்க இடமில்லை. கல்லுடைக்கும் குவாரி, மணல் வீச்சால் இரும்பைத் துலக்கும் பட்டறை, அடுக்களை மேடைக்குச் செயற்கைக் கல் அறுக்கும் கூடம் ஆகிய எல்லாவற்றிலும் அதே தூசிதான். செயற்கைக் கல்லில் சிலிக்கா மிகுதி; ஆஸ்திரேலிய நாடு 2024 ஜூலை முதல் அதன் பயன்பாட்டையே தடை செய்துவிட்டது. வெளி மாநிலங்களில் இத்தொழில்களில் இருக்கும் நம்மவர், முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டால் போதும் என்று நம்பிவிடலாகாது. துண்டின் இழைகளுக்கிடையே நுண்துகள் தாராளமாக நுழையும். அறுக்கும் இடத்தில் தண்ணீர் ஓடவேண்டும். தூசியை உறிஞ்சும் பொறி வேண்டும்.

ஏற்பிகளை அறிந்ததனால் மருத்துவத்துக்குக் கிடைத்த பயன் என்ன? நார் நெய்யும் அணுக்களின் ஏற்பிகளுடைய உள்முனையை மறித்து, செய்தி உள்ளே பரவாமல் தடுக்கும் நின்டெடானிப் என்னும் மருந்து உண்டு. நுரையீரல் தழும்பு மேலும் மேலும் வளர்ந்து செல்லும் நோய்களுக்கு அதனைக் கொடுக்க அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020-இல் இசைவளித்தது. அது தழும்பு வளரும் வேகத்தைக் குறைக்கிறது. கட்டிய தழும்பை அவிழ்ப்பதில்லை. கல்லைக் கரைப்பதும் இல்லை. மணியின் ஒலியைச் சற்றுத் தாழ்த்துகிறது, அவ்வளவே.

வெளியூர் மருத்துவர் ஒருவர், இருமலோடு வந்து நிற்கும் முதியவரிடம் "இப்போது என்ன வேலை?" என்றுதான் பெரும்பாலும் கேட்பார். "வீட்டில்தான் இருக்கிறேன்" என்று அவரும் சொல்லிவிடுவார். உடன் போகும் மகனோ மகளோ அப்போது குறுக்கிட்டுச் சொல்லவேண்டியது உண்டு: இவர் மாரிகுப்பத்தில் இத்தனை ஆண்டு இருந்தார்; பாறைக்குள் துளையிட்டாரா, வெடி வைத்தாரா, ஆலையில் இடித்தாரா; கடைசியாகச் சுரங்கத்தில் இறங்கியது எந்த ஆண்டு. பழைய எக்ஸ்ரே படமும் பணிச்சான்றும் பெட்டியின் அடியில் கிடந்தால் அவற்றையும் எடுத்துச் செல்லவேண்டும்.