பை சுமந்தவன் கழுத்து

(தென்காசியில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நிறைவேற்றப்போகிற தீர்மானங்களின் நகல் முந்தாநாள் என் கைக்கு வந்தது. பஞ்சமி நிலம், மாணவர் விடுதி, உதவித்தொகை என்று வரிசையாகப் போகிறது. நான்காவது தீர்மானம், போதைப் பொருள் கடத்துகிறவர்களுக்கு மரண தண்டனை கொடுக்கும்படி சட்டத்தைக் கடுமையாக்க வேண்டும் என்கிறது. மற்றது எல்லாவற்றிலும் எனக்கு உடன்பாடு. இந்த நான்காவதை எதிர்த்துப் பேச நேரம் கேட்டேன், கொடுத்திருக்கிறீர்கள்.

இதை எழுதச் சொன்னவர் யார் என்று எனக்குத் தெரியும். முன்வரிசையில்தான் இருக்கிறார். எங்கள் தெரு, எனக்குப் பெரியம்மா முறை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருடைய கடைசி மகன் செத்துப்போனான். பதினேழு வயசு. வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்கிற பழக்கம். குளத்தங்கரையில் கிடந்தவனைத் தூக்கிக்கொண்டு ஓடிய நாலு பேரில் நானும் ஒருத்தன். "எய்யா, இதை வித்தவன் கழுத்துல கயிறு விழுந்தாத்தான் எம் மனசு ஆறும்" என்று பெரியம்மா அன்றைக்குச் சொன்னார். அந்தச் சொல்லை வைத்து நான் ஒரு கவிதை எழுதினேன். அச்சில் வந்தது, நண்பர்கள் பாராட்டினார்கள். பிறகு தொகுப்பு போட்டபோது அதைச் சேர்க்கவில்லை. ஏன் சேர்க்கவில்லை என்பதுதான் என் பேச்சு.

அதே தெருவில் இன்னொரு அம்மா இருக்கிறார். அவர் கூட்டத்துக்கு வரவில்லை. ஜூன் மாதம் சாரல் இறங்கினால் குற்றாலத்துக்கு வெளியூர்க்காரர்கள் குளிக்க வருகிறார்கள், நம் பையன்கள் லாட்ஜ் வேலைக்குப் போகிறார்கள். அறை கூட்டுவது, ஈரத்துணி பிழிவது, எண்ணெய் தேய்த்துவிடுவது, பெட்டி தூக்குவது. அந்த அம்மாவின் மகன் பத்தொன்பது வயசில் ஐந்தருவிப் பக்கம் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தான். தங்கியிருந்த இரண்டு பேர், "இந்த ரெண்டு பையையும் செங்கோட்டை பஸ் ஸ்டாண்டுல ஒருத்தர்ட்ட குடுத்துரு தம்பி" என்று முந்நூறு ரூபாய் கொடுத்திருக்கிறார்கள். வழியில் சோதனை. பையில் 22 கிலோ கஞ்சா. லாட்ஜ் பதிவேட்டில் எழுதியிருந்த பெயரும் பொய், முகவரியும் பொய். அந்த இரண்டு பேரும் போனவர்கள் போனவர்கள்தான்.

"உள்ள என்ன இருக்குன்னு உனக்குத் தெரியாதாலே?" என்று நானே அவனிடம் கேட்டிருக்கிறேன். "பெட்டி தூக்குறவன் பெட்டியத் தொறந்து பாக்க முடியுமாண்ணே" என்றான்.

1985இல் வந்த போதைப் பொருள் சட்டத்தில், என்.டி.பி.எஸ். என்று வக்கீல்கள் சொல்வார்களே அதில், கஞ்சா 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. குறைந்தது 10 வருஷம், கூடுதலாக 20 வருஷம் தண்டனை. குறைந்தது ஒரு லட்ச ரூபாய் அபராதம். ஜாமீன் வேண்டுமென்றால் இவன் குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயம் இருப்பதாக நீதிபதிக்கே தோன்ற வேண்டும், 37ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. பொருள் கையில் இருந்தது நிரூபணமானால், தெரிந்தேதான் வைத்திருந்தான் என்று 35, 54 பிரிவுகள் எடுத்துக்கொள்கின்றன. தெரியாது என்பதை அவன்தான் சந்தேகமில்லாமல் நிரூபிக்க வேண்டும். அவனுடைய அம்மா தோட்டைக் கழற்றிக்கொண்டு வக்கீலுக்குப் பணம் புரட்ட வங்கிக்கு வந்தபோது நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவன் நான். எடை போட்டு ரசீது எழுதினேன்.

இந்த இரண்டு அம்மாக்களும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள். இப்போது பேச்சுவார்த்தை இல்லை. இன்றைய சட்டப்படி அந்தப் பையனுக்குத் தூக்கு கிடையாது. நம்முடைய நான்காவது தீர்மானம் கேட்கிற சட்டத்தில் உண்டு. ஒரு தாய்க்கு ஆறுதலாக இன்னொரு தாயின் பிள்ளையைக் கேட்கிறோம். இரண்டும் நம் தெருப் பிள்ளைகள்.

நாம் கேட்கிற சட்டம் சில நாடுகளில் ஏற்கனவே இருக்கிறது. அங்கே யாருடைய கழுத்தில் கயிறு விழுந்தது என்று பார்ப்போம். நாகேந்திரன் தர்மலிங்கம். தங்கராஜு சுப்பையா. தட்சிணாமூர்த்தி காத்தையா. பன்னீர்செல்வம் பரந்தாமன். இவை நம் ஊர் ரேஷன் அட்டையில் இருக்கிற பெயர்கள் மாதிரிதான் இருக்கின்றன. 2022க்கும் 2025க்கும் இடையில் சிங்கப்பூரில் தூக்கிலிடப்பட்டவர்கள் இவர்கள்.

நாகேந்திரன் மலேசியாவின் ஈப்போ பக்கத்துப் பையன். 2009 ஏப்ரலில் 42.72 கிராம் ஹெராயினைத் தொடையில் கட்டிக்கொண்டு எல்லையைக் கடந்தபோது பிடிபட்டான். அங்கே 15 கிராமைத் தாண்டினால் மரணம். அவனுடைய அறிவுத்திறன் அளவு 69 என்று மருத்துவர் சொன்னார். என்ன செய்கிறோம் என்று அவனுக்குத் தெரியும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2022 ஏப்ரல் 27ஆம் தேதி தூக்கு. தங்கராஜு விஷயம் இன்னும் மோசம். அவர் கஞ்சாவைக் கையால் தொடவே இல்லை. தொலைபேசி எண்களை வைத்து, கடத்தலுக்குத் துணைபோனவர் என்று முடிவு செய்தார்கள். 1,017.9 கிராம். விசாரணையில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்டேன், தரவில்லை என்றார். நீதிமன்றம் நம்பவில்லை. 2023 ஏப்ரல் 26ஆம் தேதி அவரும் போனார். நம் நாட்டுச் சட்டத்தில் ஒரு கிலோ வரைக்கும் 'சிறிய அளவு'. 18 கிராம் கூடியதற்கு இங்கே அதிகபட்சம் 10 வருஷம். அங்கே உயிர்.

அங்கே 2013இல் ஒரு சலுகை நடைமுறைக்கு வந்தது. வெறுமனே சுமந்து போனவர், போதைப் பொருள் கூட்டத்தைப் பிடிக்க உதவியாகத் தகவல் சொன்னால், அரசுத் தரப்பு ஒரு சான்றிதழ் கொடுக்கும். அது இருந்தால் தூக்குக்குப் பதிலாக ஆயுள் தண்டனையும் பிரம்படியும் கிடைக்க வழி உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் கருணை மாதிரித் தெரியும். தகவல் யாரிடம் இருக்கும் என்று யோசியுங்கள். முதலாளியைத் தெரிந்தவனிடம் இருக்கும். பெயர் தெரியாத இரண்டு பேரிடம் முந்நூறு ரூபாய்க்குப் பை வாங்கியவன் என்ன சொல்வான்? அதிகம் தெரிந்தவன் பிழைக்கிறான், ஒன்றும் தெரியாதவன் தொங்குகிறான்.

இந்த நான்கு பேரும் என்ன சாதி என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை. கங்காணி காலத்தில் மலாயா ரப்பர் தோட்டத்துக்குக் கூட்டிப்போகப்பட்டவர்களில் கணிசமானவர்கள் நம் சனங்கள் என்பது வரலாறு. எந்த ஊரானாலும் பை சுமக்கிற வேலை யாரைத் தேடி வருகிறது என்பதே கேள்வி.

இதற்கு எதிர்ப்பக்கமாக ஒன்று சொல்கிறேன். 2011இல் ராமேசுவரம் தங்கச்சிமடத்து மீனவர்கள் ஐந்து பேரை ஹெராயின் கடத்தினார்கள் என்று இலங்கையில் பிடித்தார்கள். 2014 அக்டோபர் 30ஆம் தேதி கொழும்பு உயர்நீதிமன்றம் ஐந்து பேருக்கும் மரண தண்டனை விதித்தது. ராமேசுவரம் கொந்தளித்தது. எல்லாக் கட்சியும் பேசியது, மத்திய அரசு தலையிட்டது. அடுத்த மாதமே ஐந்து பேரும் வீட்டுக்கு வந்தார்கள். அன்றைக்குத் தமிழ்நாட்டில் ஒருத்தர்கூட 'கடத்தல்காரனைத் தூக்கில் போடு' என்று சொல்லவில்லை. ஏனென்றால் அவர்களை நம் பிள்ளைகள் என்று நினைத்தோம். அதே மாதிரி 2011இல் பேரறிவாளன், முருகன், சாந்தன் கழுத்துக்குக் கயிறு வந்தபோது காஞ்சிபுரத்தில் செங்கொடி தன்னையே எரித்துக்கொண்டாள். அப்படிப்பட்ட மண்ணில் நின்றுகொண்டு நாம் கயிறு கேட்கிறோம்.

கயிறு கொடுக்கிற கை எப்படிப்பட்ட கை? 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்து செத்தார்கள். பணக்கார மிராசுதார்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவதற்கில்லை என்ற தோரணையில் எழுதி உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. கார் வைத்திருக்கிறவனின் கையில் தீப்பெட்டி இருந்ததை நம்பாத நீதிமன்றம், நம்மவன் கையில் பை இருந்தால் உடனே நம்பிவிடும். பீகாரில் 1992இல் பாராவில் மேல்சாதியினர் கொல்லப்பட்ட வழக்கில் தடா நீதிமன்றம் நான்கு பேருக்குத் தூக்கு கொடுத்தது, அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். 2002இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 2017இல்தான் குடியரசுத் தலைவர் குறைத்தார். அதே பீகாரில் 1996இல் பதானி டோலாவில் 21 பேரை வெட்டிய வழக்கில், கீழ்நீதிமன்றம் தண்டித்த 23 பேரையும் 2012இல் பாட்னா உயர்நீதிமன்றம் விட்டுவிட்டது. டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் மரண தண்டனைக் கைதிகளைச் சந்தித்து 2016இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. நூற்றுக்கு 74 பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். ஏறத்தாழ நான்கில் ஒருவர் தலித் அல்லது பழங்குடி. கயிறு கண்ணில்லாமல் வருவதில்லை தோழர்களே. ஆள் பார்த்துத்தான் வருகிறது.

போதையிலும் சாதிக் கணக்கு உண்டு. இந்தச் சட்டத்தில் கஞ்சா என்றால் செடியின் பூப்பகுதி. இலை தனியாக இருந்தால் கணக்கில் வராது. அதனால் வடக்கே அரசு உரிமத்தோடு பாங்கு விற்கிறார்கள், ஹோலிக்குக் குடித்தால் புண்ணியம். இங்கே 2003லிருந்து சாராயத்தை அரசே டாஸ்மாக்கில் சில்லறையாக விற்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60 பேருக்கு மேல் கொன்றபோதும் 'தூக்கு, தூக்கு' என்றுதான் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தில், மெத்தனால் எந்த வழியாக வந்தது, யார் மாமூல் வாங்கினார்கள் என்ற கேள்வி அமுங்கிப்போகப் பார்த்தது.

நான் வங்கிக்காரன், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1989இல் இந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்த ஒரே திருத்தத்தில் இரண்டு ஆயுதம் வந்தது. ஒன்று 31அ பிரிவு. சில வகைக் குற்றங்களில் இரண்டாம் தடவை தண்டிக்கப்பட்டால் கட்டாயத் தூக்கு. 2011இல் பம்பாய் உயர்நீதிமன்றம் 'கட்டாயம்' என்பதை ஏற்க மறுத்தது. 2014இல் நாடாளுமன்றமே அதை நீதிபதியின் முடிவுக்கு விட்டது. இன்னொரு ஆயுதம், பணம் போட்டவனைப் பிடிக்கிற 27அ பிரிவும், கடத்தலில் சேர்த்த சொத்தைப் பறிமுதல் செய்கிற 5அ அத்தியாயமும். முதல் ஆயுதத்துக்கு ஒரு உடம்பு போதும். இரண்டாவதற்குப் பேரேட்டைப் புரட்ட வேண்டும்.

ஒரு கிழவி கணக்குத் தொடங்க வந்தால் ஆதார், பான், போட்டோ, கைரேகை என்று எத்தனை கேட்கிறோம்! அவ்வளவு வடிகட்டியையும் தாண்டிப் பெரிய பணம் ஊருக்குள் நடமாடுகிறது. 2021 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் ஏறத்தாழ 3,000 கிலோ ஹெராயின் பிடிபட்டது. முகப்பவுடர் செய்கிற கல் என்று எழுதிக் கொண்டுவந்திருந்தார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாகேந்திரன் தொடையில் இருந்ததைப் போல எழுபதாயிரம் மடங்கு. அதை எவனும் தொடையில் கட்டிக்கொண்டு வர முடியாது. கப்பல் வேணும், கம்பெனி வேணும், இறக்குமதிக் காகிதம் வேணும், வங்கிக் கணக்கு வேணும். காகிதம் இருந்தால் தடம் இருக்கும். அந்தத் தடத்தில் நடக்கத்தான் அரசுக்கு மனசு வேணும். பை சுமந்தவனைத் தூக்கில் போட்டால் வழக்கு முடிந்தது, சாட்சியும் முடிந்தது.

பயம் வேணும்ல என்று சிலர் கேட்கிறீர்கள். சிங்கப்பூரில் 1975லிருந்து தூக்கு இருக்கிறது. ஐம்பது வருஷம் கழித்தும் தொங்கவிட ஆள் கிடைத்துக்கொண்டேயிருக்கிறான். மலேசியா 1983இல் கட்டாயத் தூக்கைக் கொண்டுவந்து, நாற்பது வருஷம் பார்த்துவிட்டு, 2023இல் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. வேலையில்லாதவன் முந்நூறு ரூபாயைப் பார்க்கிறான், முப்பது வருஷத்தைப் பார்ப்பதில்லை.

அண்ணல் அம்பேத்கர் 1949 ஜூன் 3ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில், மரண தண்டனை வழக்குகளின் மேல்முறையீடு பற்றிய விவாதத்தில், அந்தத் தண்டனையையே ஒழித்துவிடுவதைத்தான் தாம் விரும்புவதாகச் சொன்னார். அவர் படத்தை மேடையில் வைத்துக்கொண்டு நான்காவது தீர்மானத்தை நாம் வாசிக்க முடியாது.

ஆகவே மாற்றுத் தீர்மானம் ஒன்றை முன்மொழிகிறேன். ஒன்று, எந்தக் குற்றத்துக்கும் மரண தண்டனை வேண்டாம். இரண்டு, கடத்தல் வழக்குகளில் பணம் போட்டவர் யார் என்று விசாரித்து, சொத்தைப் பறிமுதல் செய்ய வேண்டும். மூன்று, சுமை தூக்கிப் பிடிபட்ட ஏழைப் பையன்களுக்கு முதல் நாளிலிருந்தே திறமையான இலவச வக்கீல் வேண்டும். நான்கு, சிகிச்சைக்குத் தானே முன்வருகிற போதை அடிமை மீது வழக்கு நடத்தாமல் பாதுகாக்க 64அ பிரிவு இருக்கிறது. அதை நம் தெருக்களில் சொல்ல வேண்டும். 2019இல் தென்காசி தனி மாவட்டம் ஆனது. மாவட்ட மருத்துவமனைக்கு ஒரு தாய் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால் அன்றைக்கே படுக்கையும் மருந்தும் கிடைக்க வேண்டும்.

பெரியம்மா, கடைசியாக உங்களுக்கு. உங்கள் பிள்ளை கேட்டது கயிறு இல்லை, ஒரு படுக்கை. சாவதற்கு முந்தின மாசம் என்னிடம் வந்து, "அண்ணே, இதை விடணும், எங்க போகணும்"னு கேட்டான். நான் வங்கிக்கு நேரமாகிவிட்டது என்று சாயங்காலம் வரச் சொன்னேன். அவன் வரவில்லை. நானும் தேடிப் போகவில்லை. அதை மறைக்கத்தான் அந்தக் கவிதையில் கயிறு கயிறு என்று எழுதியிருக்கிறேன். அதனால்தான் அது தொகுப்பில் இல்லை.

கூட்டம் முடிந்ததும் அந்த இன்னொரு அம்மா வீட்டுக்கு நான் போகிறேன். நீங்களும் வந்தால் நல்லாயிருக்கும்.

ஜெய் பீம்.