மரத்தடியில் எழுந்து நிற்கும் தாய்மார்

(மருத்துவமனையின் வருடாந்திர ஸ்தோத்திரக் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)

விடியற்காலையிலேயே பஸ் ஏறி வந்தவர்கள் இங்கே உண்டு. மாதந்தோறும் தவறாமல் காணிக்கை அனுப்பிவிட்டு, இன்றுதான் முதல்முறையாக இந்த வளாகத்தைக் கண்ணால் பார்க்கிறவர்களும் உண்டு. உங்கள் எல்லாருக்காகவும் தேவனை ஸ்தோத்திரிக்கிறேன்.

வருஷந்தோறும் இந்த நாளில் உங்களுக்கு ஓர் அறிக்கை வாசிப்பது வழக்கம். இந்த வருஷம் அதற்கு முன் ஒரு பாவ அறிக்கை செய்ய வேண்டியிருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு தாயார் நம்முடைய வார்டில் இருந்தார்கள். எழுபது வயதைத் தாண்டியவர்கள். வீட்டு முற்றத்தில் வழுக்கி விழுந்துவிட்டார்கள். தேவ கிருபையால் எலும்பு முறியவில்லை, அடி மட்டும்தான். நான் கட்டிலருகே நின்று எலியா தீர்க்கதரிசியின் சம்பவத்தைச் சொன்னேன். களைத்துப்போன எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து நித்திரை செய்ததையும், தேவன் அவனைக் கடிந்துகொள்ளாமல் உறங்கவிட்டதையும் சொல்லி, "அம்மா, இத்தனை வருஷம் உழைத்தீர்கள். இனி அசையாமல் இளைப்பாறுங்கள்" என்று ஆறுதல் கூறி ஜெபித்தேன். பிள்ளைகள் அன்புள்ளவர்கள். போதகர் சொன்னாரே என்று தாயைக் கட்டிலைவிட்டு இறங்கவிடவில்லை. சாப்பாடும் கட்டிலுக்கே வந்தது. இரண்டு மாதத்தில் அந்த அம்மாவால் ஒருவர் பிடிக்காமல் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. பிறகு முதுகில் படுக்கைப் புண். பிறகு சளி, மூச்சுத்திணறல். அடக்க ஆராதனையை நான்தான் நடத்தினேன்.

அந்த அம்மாவை விழுந்த அடி கொல்லவில்லை, படுக்கைதான் கொன்றது என்று நம்முடைய பிசியோதெரபி சகோதரி பின்னால் என்னிடம் மெதுவாகச் சொன்னார். எனக்கு அன்றிரவு தூக்கமில்லை. வேதத்தை எடுத்து 1 இராஜாக்கள் 19-ம் அதிகாரத்தை மறுபடி வாசித்தேன். தேவதூதன் எலியாவை உறங்கவிட்டதோடு நிற்கவில்லை. இரண்டு முறை தட்டி எழுப்பினான், சாப்பிட வைத்தான், இன்னும் வெகுதூரம் போகவேண்டியிருக்கிறது என்று நினைப்பூட்டினான். எலியா எழுந்து ஓரேப் பர்வதம்வரை நடந்தான். நான் உறக்கத்தை மட்டும் பிரசங்கித்து, எழுப்புதலையும் ஆகாரத்தையும் நடையையும் விட்டுவிட்டேன்.

வயதாகும்போது தசை குறைவதற்கு டாக்டர்கள் "சார்கோபீனியா" என்று பெயர் சொல்லுகிறார்கள். 1980-களின் கடைசியில் இர்வின் ரோசன்பெர்க் என்ற அமெரிக்க மருத்துவர் வைத்த பெயர் இது. செமினரியில் கிரேக்கம் படித்த எனக்கு அந்தச் சொல் உடனே விளங்கிற்று. "சார்க்ஸ்" என்றால் மாம்சம். வார்த்தை மாம்சமானார் என்று யோவான் எழுதுகிற இடத்தில் வருவதும் இதே சொல்தான். "பெனியா" என்றால் வறுமை. மாம்சத்துக்கு வந்த வறுமை! ஆண்டவர் தாமே ஏற்றுக்கொண்ட மாம்சம் வறுமைப்படும்போது, அது வயதின் வழக்கம் என்று சொல்லிக் கடந்துபோக நமக்கு உரிமை உண்டா?

பெண்களுக்கு இந்த வறுமை இன்னும் கடினமானது. ஆண்களைவிடக் குறைந்த தசையோடுதான் அவர்கள் முதுமைக்குள் நுழைகிறார்கள். மாதவிலக்கு நின்றபின் பலம் குறைவது வேகமாகிறது. அதற்குமேல் நம் வீடுகளில் நடப்பது உங்களுக்கே தெரியும். முட்டையும் மீனும் மகனுக்கும் பேரனுக்கும் போகும். கடைசியில் உட்காருகிற தாய்க்கு மீந்த சோறும் ரசமும்தான். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்குத் தினமும் 1 முதல் 1.2 கிராம் புரதமாவது வேண்டும் என்று நிபுணர்கள் சொல்லுகிறார்கள். 50 கிலோ எடையுள்ள தாய்க்கு 50 முதல் 60 கிராம். ஒரு முட்டையில் இருப்பது ஏறக்குறைய 6 கிராம். சோறும் ரசமும் எங்கே போதும்?

படுக்கை செய்கிற சேதத்தையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். 2007-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஆரோக்கியமான முதியோர் 10 நாட்கள் மட்டும் படுக்கையில் இருந்தார்கள். அவர்கள் கால்களிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்துபோயிற்று. நான் அந்த அம்மாவுக்குச் சிபாரிசு செய்தது இரண்டு மாதம்!

ஆனால் பிரியமானவர்களே, நற்செய்தியும் உண்டு. 1990-ல் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவரும் அவரோடு வேலை செய்தவர்களும், முதியோர் இல்லத்தில் இருந்த 86 முதல் 96 வயதுவரை உள்ள பத்துப் பேருக்குக் கால்களால் பளு தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். எட்டு வாரத்தில் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடிற்று. தொண்ணூறு வயதிலும் தசை அழைப்புக்குக் கீழ்ப்படிகிறது! அதே ஆராய்ச்சி ஓர் எச்சரிப்பையும் தருகிறது. பயிற்சியை நிறுத்திய நான்கு வாரத்திலேயே பலம் வெகுவாக இறங்கிற்று. ஆகையால் இது ஒரு மாதத்து மருந்தல்ல. தினசரி மன்னாவைப்போல விடாமல் சேகரிக்க வேண்டியது.

அப்படியானால் பயிற்சி அறையிலேயே செய்யலாமே, மரத்தடி எதற்கு என்று கேட்பீர்கள். நாங்களும் முதலில் அறையில்தான் தொடங்கினோம். தாய்மார் ஒருநாள் வருவார்கள், மறுநாள் வரமாட்டார்கள். ஒரு பாட்டியம்மாவிடம் காரணம் கேட்டேன். "ஐயா, அந்த ரூமுக்குள்ள நுழைஞ்சா வியாதிக்காரின்னு தோணுது. விறகு பொறுக்க மலை ஏறுன காலு இது. அந்த நாலு சுவத்துக்குள்ள இதை மடக்கி நீட்டச் சொன்னா அதுக்கே வெட்கமா இருக்கு" என்றார்கள்.

அந்த வார்த்தை எங்களை யோசிக்க வைத்தது. நம் வளாகத்தின் பின்புறம், முன்னோர் நட்டு வளர்த்த மரக்கூட்டம் இருக்கிறது. வேம்பு, புங்கன், நாவல், புளி என்று அடர்ந்து, வேலிக்கு அப்பால் உள்ள காப்புக்காட்டோடு ஒன்றாய்த் தெரியும். வேலிக்கு அந்தப் பக்கம் வனத்துறையின் இடம். யானை நடமாட்டமும் உண்டு. நாங்கள் அங்கே போவதில்லை. வேலிக்கு இந்தப் பக்கத்து நிழலே போதுமானதாயிருக்கிறது.

காட்டைச் சிகிச்சைக்குப் பயன்படுத்துவது எங்கள் கண்டுபிடிப்பல்ல. ஜப்பான் தேசத்து வனத்துறை 1982-லேயே "ஷின்ரின்-யோகு", அதாவது காட்டுக் குளியல், என்ற பெயரில் ஜனங்களை மரங்களின் நடுவே நடக்க அழைத்தது. தென்கொரியாவில் இதற்கென்றே பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் உண்டு. யோங்ஜூ நகரத்துப் பக்கத்து மலையில் 2016-ல் தேசிய மையமே திறந்தார்கள். மரங்களின் நடுவே மனக்கலக்கம் தணிகிறது, இரத்த அழுத்தம் சற்று இறங்குகிறது என்று அங்கே அளந்திருக்கிறார்கள்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். மரக்காற்று தசையை வளர்க்காது. நிழலில் உலாவினால் மட்டும் போதும் என்று நம்பி யாரும் ஏமாற வேண்டாம். தசையை வளர்ப்பது பாரமும் ஆகாரமும்தான். ஆனால் வீட்டில் மூலையில் இருந்த தாயை எழுந்து வரச்செய்வதும், மறுநாளும் வரச்செய்வதும் அந்த மரத்தடி.

வாரத்தில் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள், வெயில் ஏறுமுன் கூடுகிறார்கள். டாக்டர் இருதயத்தையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்து அனுமதித்தவர்கள் மாத்திரம். சிறு ஜெபம். பிறகு கல் பெஞ்சில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து நிற்பது. மரத்தைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது. மரத்தில் கட்டிய ரப்பர் பட்டையை இழுப்பது. தாழ்ந்த படியில் ஏறி இறங்குவது. கால்வாசித் தண்ணீர் உள்ள குடத்தைத் தூக்கி நடப்பது, பழகினபின் அரைக்குடம். பாரம் கூடிக்கொண்டே போகவேண்டும் என்பதுதான் இதன் இரகசியம். மேடுபள்ளமான தரையில் நடப்பதால் தடுமாறாமல் நிற்கவும் பாதம் கற்றுக்கொள்ளுகிறது. முடிவில் ஒரு முட்டை அல்லது சுண்டல், ஒரு டம்ளர் மோர். எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். யாரும் கடைசிப் பந்தி இல்லை.

அறைக்கு வரமாட்டேன் என்ற அந்தப் பாட்டியம்மா முதல் நாள் இரண்டு கையையும் ஊன்றியும் எழ முடியாமல் அழுதார்கள். மழைக்காலம் வருமுன், கையைக் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்கார்ந்தார்கள். அன்று என்னிடம் வந்து, "ஐயா, நேத்து ராத்திரி மருமகளை எழுப்பாம நானே பாத்ரூம் போயிட்டு வந்தேன்" என்றார்கள். உங்களுக்கு இது சிறிய காரியமாகத் தோன்றலாம். எழுபத்தாறு வயதுப் பெண்ணுக்கு அது மானம். நான் மரத்தடியிலே கண்ணீரோடு நின்றேன். அடக்கம்பண்ணின அந்த மற்றத் தாயின் முகம் என் முன்னே வந்தது.

உங்கள் வீட்டுத் தாயையும் இன்று சோதித்துப் பாருங்கள். நாற்காலியில் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்லி, ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒருவர் நின்றுகொள்ளுங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால், டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று ஆசிய மருத்துவர் குழு 2019-ல் வகுத்திருக்கிறது. "வயசாயிடுச்சு" என்று அவர்களே சொன்னாலும் விட்டுவிடாதீர்கள்.

இந்த ஊழியத்துக்கு விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. மழையில் வழுக்காதபடி நடைபாதைக்கு ஒரு கைப்பிடிக் கம்பி வேண்டும். இன்னும் இரண்டு கல் பெஞ்சு வேண்டும். முட்டைக்கும் சுண்டலுக்கும், தூரத்துக் கிராமத்துத் தாய்மாருக்குப் பஸ் செலவுக்கும் பணம் வேண்டும். நிறுத்தினால் பலம் போய்விடும் என்று சொன்னேனே. ஆகையால் ஒருமுறை கொடுக்கும் பெருந்தொகையைக் காட்டிலும், மாதந்தோறும் வரும் சிறு காணிக்கை எங்களுக்கு அதிக உதவி.

கூட்டம் முடிந்ததும் பின்புறம் வந்து அந்த மரத்தடியைப் பாருங்கள். தாய்மார் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள். ஒருவேளை உங்களையும் பெஞ்சில் உட்கார்த்தி எழச் சொல்லுவார்கள். களைத்தவனை உறங்கவும் விட்டு, தட்டி எழுப்பி, போஜனமும் கொடுத்து, மலைவரை நடத்திச் சென்ற தேவன், உங்களையும் உங்கள் வீட்டு முதியோரையும் பலத்தினால் இடைக்கட்டுவாராக. ஆமென்.