இரும்புச்சத்து டிரிப்ஸ் ஏற்றும்போது

(மகளிர் நலக் கூட்டத்தில் நம் அறக்கட்டளை சார்பில் ஆற்றிய உரை)

 

கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை. 7-க்கும் கீழே போனால் அது கடுமையானது. மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், மாத்திரையால் இரத்தம் ஏறாதவர்களுக்கும் 'அயர்ன் சுக்ரோஸ்' என்ற மருந்தை டிரிப்ஸில் ஏற்றுகிறார்கள். நல்ல மருந்துதான், வேண்டாமென்று சொல்ல நாங்கள் வரவில்லை. ஏற்றும்போது உடம்பில் என்ன நடக்கலாம் என்று தெரிந்துகொண்டு போங்கள் என்கிறோம்.

மருந்து கருஞ்சிவப்பாக, டிகாஷன் போல இருக்கும். பதற வேண்டாம். சிலருக்கு நாக்கில் இரும்பைச் சப்பியது போலச் சுவை தட்டும். குமட்டல், தலைவலி வரலாம். மறுநாள் மூட்டுவலி, லேசான காய்ச்சல் வந்து இரண்டொரு நாளில் தணிவதும் உண்டு.

ஆனால் மூச்சுத் திணறல், நெஞ்சு இறுக்கம், உதடு, முகம் வீங்குதல், உடம்பெல்லாம் தடிப்பு, கண் இருட்டுதல் இவற்றில் ஒன்று வந்தாலும் அந்த நிமிடமே நர்ஸைக் கூப்பிட வேண்டும். இது அரிதுதான், வந்தால் காத்திருக்க நேரமில்லை. நம் பெண்கள் கூச்சத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பதைப் பார்க்கிறோம். அங்கே கூச்சத்துக்கு வேலையே இல்லை.

இன்னொன்று, ஊசி குத்திய கை. புர்காவின் கை அதை மூடியிருந்தால் வீக்கம் யாருக்கும் தெரியாது. மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் எரியும்; தோலில் பழுப்புக் கறை மாதக்கணக்கில் நிற்கும், சிலருக்குப் போகாமலேயும் இருந்துவிடும். சட்டைக் கையை மேலே தூக்கி விட்டுக்கொள்ளுங்கள். எரிந்தால் உடனே சொல்லுங்கள்.

கூட வரும் மாமியார், நாத்தனார்மார்களுக்கும் ஒரு வார்த்தை. "வீட்டில் வேலை கிடக்கிறது" என்று குழாயில் உள்ள சிறு சக்கரத்தைத் திருப்பி வேகத்தைக் கூட்டாதீர்கள். வேகமாக ஏறினால் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். முடிந்த பிறகும் அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஆஸ்துமா உண்டா, எந்த மருந்தாவது முன்பு ஒத்துக்கொள்ளாமல் போனதா, இதை ஏற்றும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். இரும்பு மாத்திரையை எப்போது நிறுத்துவது, எப்போது தொடங்குவது என்பதையும் அவரிடமே கேளுங்கள். போன தடவை ஏதாவது செய்திருந்தால் அதைக் கர்ப்பிணி அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை வேறு நர்ஸ் இருந்தாலும் அவருக்குத் தெரியும். கூட வர ஆளில்லாதவர்கள் முந்தின நாளே நம் அலுவலகத்தில் சொன்னால், இன்ஷா அல்லாஹ், ஒரு சகோதரி உடன் வருவார்.