அப்பாவின் வங்கிக் கணக்கில் என் பெயர்

(மாதர் ஐக்கியக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உயிலைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், "விழா நேரத்தில் ஏன் பிள்ளை இந்தக் கதை?" என்று ஒரு அன்ரி கேட்டார். நான் இந்தியாவில் தாதிப் பயிற்சி பெற்று, 18 வருடமாக இங்கே ஒன்ராறியோவில் வேலை செய்கிறேன். கட்டிலில் தகப்பனுக்கு மோர்பின் ஏறிக்கொண்டிருக்கும்போது மகன் பத்திரத்தோடு ஓடி வருவதைக் கண்டிருக்கிறேன். என்னிடம் சாட்சிக் கையெழுத்துக் கேட்பார்கள். நான் வைப்பதில்லை. இதைப் பேச நல்ல நேரம்தான் வேண்டும், அன்ரி.

என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். அம்மா போன பிறகு அப்பா என்னோடு இருந்தார். அவருக்கென்று இருந்தது வங்கியில் 90,000 டொலர் மட்டும். உயில் எழுதவில்லை. "கணக்கில் மகளின் பெயரையும் போடுங்கோ, பிறகு புரோபேற் தேவையில்லை" என்று தெரிந்த ஒருவர் சொன்னார். போட்டோம்.

புரோபேற் என்பது, இறந்தவரின் சொத்தைக் கையாள இன்னாருக்கு அதிகாரம் உண்டு என்று நீதிமன்றம் கொடுக்கும் சான்றிதழ். அது வர மாதக் கணக்காகலாம். வரியும் உண்டு. ஒன்ராறியோவில் முதல் 50,000 டொலருக்கு வரி இல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 1,000 டொலருக்கும் 15 டொலர். அப்பாவின் காசுக்கு 600 டொலர் வந்திருக்கும். அந்த 600 டொலரை மிச்சம் பிடிக்கப்போய், தம்பியோடு இரண்டு வருடம் பேச்சில்லாமல் இருந்தேன்.

அப்பா என்னிடம், "நீதானே பார்த்தாய், நீயே வைத்துக்கொள்" என்றார். தம்பியிடம், "இரண்டு பேருக்கும் சரிபாதி" என்றாராம். இரண்டையும் சொல்லியிருப்பார், அவர் அப்படித்தான். ஆனால் எதையும் எழுதி வைக்கவில்லை. சட்டத்தரணி 2007இல் கனடா உச்ச நீதிமன்றம் கொடுத்த பெக்கோர் தீர்ப்பை விளக்கினார். வளர்ந்த பிள்ளையின் பெயரைப் பெற்றோர் சும்மா கணக்கில் சேர்த்தால், அது அன்பளிப்பு என்று ஆகிவிடாது. இறந்தவரின் சொத்தாகவே பிள்ளை அதை வைத்திருக்கிறது என்றுதான் முதலில் கருதுவார்கள். அன்பளிப்பு என்றால் பிள்ளைதான் நிரூபிக்க வேண்டும். பாதியைத் தம்பிக்குக் கொடுத்தேன். கொடுக்கும்போது மனம் வரவில்லை, அதையும் மறைக்கவில்லை. அவன் காசை வாங்கினான். அதற்குப் பிறகு என் போனை எடுக்கவில்லை.

புரோபேற்றைத் தவிர்க்க நினைப்பது பிழையல்ல. கணவன் மனைவி இருவரும் கூட்டு உரிமையாக வைத்திருக்கும் வீடு, ஒருவர் போனால் மற்றவருக்கு நேரே போகும். ஆர்.ஆர்.எஸ்.பி., ரி.எஃப்.எஸ்.ஏ., ஆயுள் காப்புறுதி ஆகியவற்றில் பயனாளியின் பெயரை எழுதியிருந்தால் அவையும் அப்படியே. ஆனால் யாருடைய பெயர் இருக்கிறது என்று பாருங்கள். கனடாவுக்கு வந்த புதிதில், கலியாணத்துக்கு முன் போட்ட அம்மாவின் பெயரே இன்னும் சிலரிடம் இருக்கிறது. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் பெயரை மட்டும் போட்டு, பொறுப்பாளரைக் குறிப்பிடாவிட்டால், பெரிய தொகை நீதிமன்றத்தின் பொறுப்பில் போய்விடும்.

பிள்ளையின் பெயரை வீட்டில் சேர்க்க அவசரப்படாதீர்கள். அவருக்குக் கடன் வந்தாலோ, குடும்பம் பிரிந்தாலோ உங்கள் வீடும் அந்த வழக்குக்குள் இழுபடலாம். கணக்கில் சேர்த்தால், அது உதவிக்கா அன்பளிப்பா என்று எழுதி, கையெழுத்து வைத்து, மற்றப் பிள்ளைகளுக்கும் சொல்லிவிடுங்கள்.

உயில் எழுதினாலும் புரோபேற் தேவைப்படலாம். என்றாலும் எழுதுங்கள், சின்னப் பிள்ளைகளை யார் பார்ப்பது என்பதையும் அதில்தான் சொல்லலாம். இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் முன்னால் இருக்க வேண்டும். சொத்தில் பங்கு பெறுகிறவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சியாக நிற்கக் கூடாது.

பிள்ளைகளே, தாத்தா பாட்டியிடம் "உங்கள் பேப்பர் எல்லாம் எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் கேட்டால் கோபிக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் அது குசினி அலுமாரியின் மேல்தட்டில், நீல ஃபைலில் இருக்கிறது. போன நத்தாருக்குத் தம்பி வந்தபோது அவனுக்கும் காட்டினேன். முதல் பக்கத்தில் அவனுடைய தொலைபேசி இலக்கத்தைப் பிழையாக எழுதியிருந்தேன். பேனை வாங்கி, அவனே திருத்தினான்.