நம் வலியை மட்டும் பேசினால் நீதி வராது!



2021 ஏப்ரல் மாதத்தின் ஒரு வாரத்தை உங்களுக்கு நினைவுபடுத்துகிறேன். ஏப்ரல் 20: ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தை முழங்காலால் அழுத்திக் கொன்ற போலீஸ்காரர் குற்றவாளி என்று மினியாபொலிஸில் தீர்ப்பு வந்தது. நாலே நாள் கழித்து, ஏப்ரல் 24: 1915ல் ஆர்மீனியர்களுக்கு நடந்தது இனப்படுகொலைதான் என்று அமெரிக்க அதிபர் பைடன் அறிவித்தார்.

ஒரு தீர்ப்புக்கு 11 மாதம். ஒரு வார்த்தைக்கு 106 வருஷம்! இரண்டும் சும்மா வந்துடல தோழர்களே. மக்கள் தெருவில் இறங்கியதால் வந்தது.

1915 ஏப்ரல் 24 அன்று கான்ஸ்டாண்டிநோபிளில் ஆர்மீனிய எழுத்தாளர்களையும் தலைவர்களையும் ஒட்டோமான் அரசு கைது செய்தது. பிறகு ஊர் ஊராக மக்களைச் சிரியப் பாலைவனத்துக்கு விரட்டியது. லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். "அது இனப்படுகொலை இல்லை" என்று துருக்கி அரசு இன்றைக்கும் சொல்கிறது.

1921ல் அமெரிக்காவின் டல்சா நகரம். கருப்பின மக்கள் உழைத்து உருவாக்கிய கிரீன்வுட் பகுதியை வெள்ளையர் கும்பல் எரித்தது. 35 தெருக்கட்டங்கள் சாம்பல். அதற்குப் பிறகு என்ன நடந்துச்சு தெரியுமா? பல பத்தாண்டுகள் பாடப்புத்தகத்தில்கூட அதைப் பற்றி ஒரு வரி இல்லை! உயிர் பிழைத்தவர்கள் நூறு வயதைத் தாண்டியும் இழப்பீடு கேட்டுப் போராடினார்கள். 2024ல் ஓக்லஹோமா உச்ச நீதிமன்றம் அந்த வழக்கையும் தள்ளுபடி செய்தது.

முதலில் கொலை. பிறகு "அப்படி எதுவும் நடக்கல" என்ற மறுப்பு. இந்த இரண்டு மக்களையும் சேர்த்து நிறுத்துவது இந்த மறுப்புதான்.

ஆனால் ஒரு உண்மையை மறைக்கக் கூடாது. 1925ல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று ஆர்மீனியர்களை "வெள்ளையர்" என்று தீர்ப்பளித்தது. அவர்களுக்குப் பல கதவுகள் திறந்தன. கருப்பின மக்களுக்கு அதே கதவுகள் மூடியே கிடந்தன.

லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் கிளெண்டேல் என்று ஒரு ஊர். இன்று ஆர்மீனியர்கள் பெரும் எண்ணிக்கையில் வாழும் ஊர். ஒரு காலத்தில் அங்கே கருப்பின மக்கள் பகலில் வேலைக்கு வரலாம், பொழுது சாய்ந்தால் ஊருக்குள் இருக்கக் கூடாது! 2020ல் அந்த வரலாற்றை ஒப்புக்கொண்டு, வருத்தம் தெரிவித்து கிளெண்டேல் நகர மன்றம் தீர்மானம் போட்டது. அந்த மன்றத்தில் ஆர்மீனிய உறுப்பினர்களும் இருந்தார்கள்.

இதுதான் தோழமை. "எங்களுக்கு நடந்ததை ஒத்துக்கோ" என்று துருக்கியிடம் கேட்கிறவர்கள், தாங்கள் வாழும் ஊர் செய்த தப்பையும் ஒத்துக்கொள்ள வைக்கணும். அந்த ஊரில் அன்று அவர்கள் இருந்தார்களா, இல்லையா என்பது கேள்வியே இல்லை.

தீர்மானம் போட்டால் மட்டும் போதுமா? போதாது. டல்சாவில் உயிர் பிழைத்தவர்களுக்கு நீதிமன்றத்தில் இழப்பீடு கிடைக்கவில்லை. ஆர்மீனியர்களுக்குத் துருக்கியின் ஒப்புதல் இன்னும் இல்லை. அதனால்தான் சொல்கிறேன்: நம் வலியை உலகம் கேட்கணும்னா, அடுத்தவர் வலிக்கு நாம முதலில் காது கொடுக்கணும்.

மறுப்பை உடைப்போம்! நீதியை வெல்வோம்!