விண்ணிலிருந்து ஒரு லெவல்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சர்வே கேம்ப்பை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஒருத்தர் ஸ்டாஃபைப் பிடிக்க, ஒருத்தர் லெவலில் கண் வைக்க, இன்னொருத்தர் வெயிலில் நின்று ஃபீல்டு புக்கில் எழுதுவார். பாலம் இறங்குகிறதா என்று பார்க்க நமக்குத் தெரிந்த வழி அதுதான். இன்று அந்த வேலையைச் செயற்கைக்கோளும் செய்கிறது.

எப்படி என்கிறீர்களா? ஐரோப்பாவின் சென்டினல்-1 சுமார் 5.5 செ.மீ. அலைநீளமுள்ள ரேடார் அலையை அனுப்பி, திரும்பி வருவதைப் பதிவு செய்கிறது. 12 நாள் கழித்து அதே பாதையில் வந்து மறுபடியும் பதிவு செய்கிறது. இடையில் ஒரு கட்டடம் கோளை விட்டு 1 மி.மீ. விலகியிருந்தால், அலை போய்வரும் தூரம் 2 மி.மீ. கூடும். அலையின் ஃபேஸ் அதற்கேற்ப மாறும். பல வருடப் படங்களைச் சேர்த்துப் பார்த்தால், வருடத்துக்குச் சில மி.மீ. நகர்வுகூடப் பிடிபடும். இரவும் தடையில்லை, நம்ம ஊர் ஐப்பசி மேகமும் தடையில்லை.

ஆனால் இதையே நம்பி உட்கார்ந்துவிட முடியாது. 14-8-2018 அன்று இத்தாலியின் ஜெனோவா நகரில் மொராண்டி கான்கிரீட் பாலம் இடிந்து 43 பேர் இறந்தார்கள். பிறகு பழைய ரேடார் படங்களை ஆராய்ந்த ஒரு குழு, முன்பே நகர்வு தெரிந்தது என்றது. மறு ஆய்வு செய்த இன்னொரு குழு, தெளிவான அறிகுறி எதுவும் இல்லை என்றது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியின் துரு ரேடாருக்குத் தெரியாதே!

அதே மாதம் 22-ந் தேதி இரவு, நம்ம கொள்ளிடத்தில், முக்கொம்பு மேலணையின் 9 மதகுகளை வெள்ளம் கொண்டுபோனது. தண்ணீருக்கடியில் நடக்கும் மண் அரிப்பையும் ரேடாரால் காண முடியாது. கடலூர், பரங்கிப்பேட்டை உப்புக் காற்றில், ஆற்று முகத்துவாரத்தில் நிற்கும் பாலங்களுக்குத் துரு, அரிப்பு இரண்டுமே பகைதான்.

30-7-2025 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்த நிசார் கோள் கிளம்பியது. சென்டினல் படங்களோ இலவசமாகவே கிடைக்கின்றன. மாணவர்களே, உங்களுக்குத் தெரிந்த ஒரு பாலத்தை எடுத்துப் பாருங்கள். கணினியில் ஒரு புள்ளி நகர்ந்தால், சுத்தியலோடு நேரில் போய்த் தட்டிப் பாருங்கள். நகராவிட்டாலும் ஒரு தடவை போய்ப் பாருங்கள். முதலில் எங்கே போகணும் என்று கோள் சொல்லும். போக வேண்டியது நாம்தான்.